ஏற்காட்டில் காட்டெருமை பிறந்தநாள்: விளையாட்டு நடத்த வந்த குழுவைப் பற்றி

மகனுக்கு இந்த பிப்ரவரியில் ஐந்து வயது முடிந்தது. ஹாலுக்குள் கேக் வெட்டி, பலூன் உடைத்து, ஆளுக்கொரு கிஃப்ட் பை கொடுத்து அனுப்புகிற பிறந்தநாள் இதற்கு முன்பு கொண்டாடியாகிவிட்டது. இந்த முறை பிள்ளைகள் வெளியில் புல்லில் ஓடி ஆடட்டும் என்று முடிவு செய்து, ஏற்காட்டில் தெரிந்தவர்களுடைய காபி எஸ்டேட் வீட்டு முன்னால் இருக்கும் புல்வெளியைக் கேட்டு வாங்கினோம். விளையாட்டு நடத்த சேலத்திலிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். 15 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு 8,500 ரூபாய், மலை ஏறி வருவதற்குத் தனியாக 1,500. சின்னக் குழு, இப்போதுதான் வளர்ந்து வருகிறார்கள், நான் பார்த்ததும் ஒரே ஒரு நாள்தான், அதனால் பெயரைப் போடவில்லை. பொருட்கள் அருமை, பிள்ளைகளிடம் பழகுகிற விதம் அருமை, விளையாட்டுத் தேர்வில் பாதி தப்பு. அந்தப் பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் வேறு யாரைக் கூப்பிட்டாலும் இதே தப்பு நடக்க வாய்ப்பிருக்கிறது.

முதலில் தீம். அவர்களிடம் தயாராக இருந்தது ‘ஜங்கிள்’ தீம், சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அட்டையில் வெட்டி வைத்திருந்தார்கள். என் மகனுக்கு வேண்டியது காட்டெருமை. போன வருடம் ஏற்காட்டில் எஸ்டேட் ரோட்டோரம் ஒரு கூட்டத்தைக் காருக்குள் இருந்தபடி பார்த்தான், அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. (ஊரில் காட்டெருமை என்கிறோம், உண்மையில் அது எருமை இனமே இல்லை, காட்டு மாடு. இதையும் அவன்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.) போனில் கேட்டதும் யோசிக்காமல் சரி என்றார்கள். பெரிய அட்டையில் ஆறு காட்டெருமை வரைந்து கொண்டு வந்தார்கள், முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளையாக, நிஜத்தில் இருக்கிற மாதிரியே. அதைப் பார்த்துத்தான் எனக்கு உடை யோசனையே வந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது அவன் யோசனை: எல்லாப் பிள்ளைகளும் கறுப்பு டீ ஷர்ட், முழங்கால் வரை இழுத்துவிட்ட ஸ்கூல் வெள்ளை சாக்ஸ். எல்லார் வீட்டிலும் இருக்கிற துணி, யாருக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. பதினான்கு பிள்ளைகள் அப்படி வந்து நின்றபோது அம்மாக்கள் எல்லாரும் போனை எடுத்துவிட்டார்கள்.

இனி விளையாட்டு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுப் பலகையில் நம்பரைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் மேலே போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்கள். இறங்கின கையோடு குழுவில் இருந்த தம்பி எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, கையை விரித்துக்கொண்டு சுற்றச் சொன்னார். காட்டில் காற்று சுழல்கிறதாம், அதுதான் தொடக்கம். ஏற்கனவே தலை சுற்றி வந்த பிள்ளைகளை மறுபடியும் சுற்றவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது பிள்ளையும் வாந்தி. மலையில் வைக்கிறீர்கள் என்றால் வந்து சேர்ந்த பிறகு அரை மணி நேரமாவது சும்மா விடுங்கள். ஆளுக்கு ஒரு ஆரஞ்சுச் சுளை, ஒரு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், அது போதும். புல்லில் உட்கார்ந்து சில்வர் ஓக் மரத்துச் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாலே அவர்களுக்குத் தெளிந்துவிடும்.

அடுத்தது காலடித் தடம். துணியில் வெட்டின குளம்புத் தடங்களை மரத்துக்கு மரம் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒளித்து வைத்த கன்றுக்குட்டி பொம்மை. யோசனை ரொம்ப நல்ல யோசனை. ஆனால் பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் ஓடினால் முன்னால் ஓடுகிற இரண்டு பேர் மட்டும்தான் தடத்தைப் பார்க்கிறார்கள், மற்ற பேர் அவர்கள் முதுகைப் பார்த்து ஓடுகிறார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதையே மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று நிறத்தில் தடம் போட்டு, மூன்று திசையில் விட்டிருந்தால் இருபது நிமிடம் தாராளமாகப் போயிருக்கும்.

அப்புறம்தான் எனக்கு மனசு கஷ்டமான விஷயம். மியூசிக்கல் சேர். நாற்காலிக்குப் பதிலாக பச்சைத் துணி வட்டங்கள், அதற்குப் பெயர் புல் மேடு, பாட்டு நின்றதும் மேட்டில் நிற்க வேண்டும், இடம் கிடைக்காதவர் அவுட். என் மகனே இரண்டாவது ஆளாக அவுட். சுவரோரம் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை, அதற்கடுத்து இன்னொன்று, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பத்துப் பிள்ளைகள் சுவரோரம், நான்கு பேர் மட்டும் ஆட்டத்தில். அந்த நான்கு பேரும் யார் என்றால் கூட வந்த அண்ணன் அக்காக்கள், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். யாருக்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்த ஐந்து வயதுக்காரர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை சாக்ஸை உருட்டிக் கீழே இறக்கிவிட்டு, “நான் காட்டெருமை இல்லை” என்று அவள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நான் போய்ச் சொன்னேன். “அக்கா, எல்லா பார்ட்டியிலயும் இதான்க்கா பண்றோம்” என்றார் அந்தத் தம்பி. “இல்லீங்க தம்பி, இவங்க அஞ்சு வயசுப் பசங்க, அவுட்டாகி உட்கார வைக்க வேண்டாம்” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வாதாடவும் இல்லை, உடனே நிறுத்திவிட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அடுத்து என்ன செய்வதென்று அவரிடம் கைவசம் எதுவும் இல்லை.

அந்த இடத்தில் காப்பாற்றியது என் அம்மா. பிள்ளையின் அம்மாயி, வயது அறுபத்தி நான்கு, திண்ணையில் உட்கார்ந்து தட்டுவடை செட்டுக்கு பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். “கோழியும் பருந்தும் ஆடலாம் வாங்க சாமி” என்றார். எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தான், தாய்க்கோழி முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கும், குஞ்சுகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால், பருந்து கடைசிக் குஞ்சைப் பிடிக்கப் பார்க்கும். தாய்க்கோழி பெரிய காட்டெருமையானது, கடைசியில் நிற்பது கன்று, பருந்து புலியானது. பிடிபட்ட கன்று அடுத்த புலி, பழைய புலி வரிசைக்கு முன்னால் போய்ப் பெரிய காட்டெருமை. யாரும் அவுட் கிடையாது. பிடிபட்டால் இன்னும் சந்தோஷம், ஏனென்றால் புலியாகலாம்.

முதலில் பதினான்கு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினோம், அது சரிப்படவில்லை. முன்னால் இருக்கிறவர் ஒரு அடி நகர்ந்தால் வால் பக்கம் இருக்கிற பிள்ளை பத்தடி தூக்கி வீசின மாதிரி ஓட வேண்டியிருக்கிறது, இரண்டு பேர் விழுந்தார்கள், புல் என்பதால் அடி இல்லை. குழுவில் இருந்த இளம்பெண் அதை உடனே கவனித்து, ஐந்து பேர், ஐந்து பேர், நான்கு பேர் என்று மூன்று கூட்டமாகப் பிரித்துவிட்டார். பெரிய பிள்ளைகளைக் கூட்டத்துக்கு ஒருவராக முன்னால் நிறுத்தினார். பத்து நிமிடம் என்று நினைத்து ஆரம்பித்தது முக்கால் மணி நேரம் ஓடியது. முகம் சிவந்து, வேர்த்து, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கத்தின அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை ஏற்பாடும் செய்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் நின்றுகொண்டு பேசவில்லை, மண்டியிட்டுக் கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் பேசினார். சாக்ஸை இறக்கிவிட்ட அந்தக் குழந்தையை ஆட வா என்று இழுக்கவே இல்லை. ஒரு சின்னக் கொடியைக் கையில் கொடுத்து, “நீதான் ஃபாரஸ்ட் கார்டு, கொடியைத் தூக்கினால்தான் புலி ஓட ஆரம்பிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு ஆட்டம் கொடி பிடித்த குழந்தை மூன்றாவது ஆட்டத்தில் தானே போய் வரிசையில் சேர்ந்துகொண்டது.

பொருட்களில் முதல் இடம் துணிக் குகைக்கு. மூன்று மீட்டர் இருக்கும், உள்ளே வளையம் வைத்துத் தைத்தது, பிள்ளைகள் தவழ்ந்து போகலாம். யாரும் நடத்தாமலே நாள் முழுக்க அதில் யாராவது இருந்தார்கள். உறியடியையும் ஒழுங்காகச் செய்தார்கள், மண் பானைக்குப் பதிலாகக் காகிதப் பானை, சுற்றிலும் கோலமாவில் வட்டம், குச்சி பிடிப்பவர் தவிர வேறு யார் காலும் அந்தக் கோட்டுக்குள் வரக் கூடாது என்பதில் அந்தத் தம்பி கண்டிப்பாக இருந்தார். கயிறு இழுப்பது மட்டும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். கொண்டு வந்திருந்தது தேங்காய் நார்க் கயிறு, சின்னக் கை தோல் உரிந்துவிடும். பருத்திக் கயிறோ பழைய சேலையை முறுக்கினதோ போதும். ஸ்பீக்கர் சத்தமும் அதிகம், அவர்கள் சொல்வதே பிள்ளைகள் காதில் விழவில்லை, எஸ்டேட்டுக்காரர் வந்து குறைக்கச் சொன்னார், குறைத்த பிறகுதான் ஆட்டமே பிடிபட்டது.

இடம் தேடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. முந்தின நாளே புல்லை வெட்டச் சொல்லிவிடுங்கள், நடுநடுவே தொட்டாற்சிணுங்கி இருந்தால் முள் குத்தும், நாங்கள் அரை மணி நேரம் குனிந்து பிடுங்கினோம். குளிராக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தாகம் தெரிவதில்லை, ஆனால் மலை உயரத்தில் வெயில் நன்றாகவே சுடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைக்க ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். கேக்கை வெளியில் திறந்து வைக்காதீர்கள், குரங்கு இருக்கிறது. மாலை நாலரைக்குள் பிள்ளைகளை உள்ளே அழைத்துவிடுங்கள், இருட்டுகிற நேரத்தில் நிஜக் காட்டெருமைகள் எஸ்டேட்டுக்குள் வரும், தூரத்தில் இருந்து பார்க்கலாமே தவிர அதன் பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற விஷயமில்லை.

புக் செய்யும்போது என்னென்ன ஆட்டம், எதிலாவது பிள்ளைகள் அவுட் ஆகிறார்களா, எத்தனை பேர் வருகிறார்கள் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்தது இரண்டு பேர், பதினான்கு பிள்ளைகளுக்கு அது பற்றவில்லை, மூன்றாவது ஆளுக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கிளம்பும்போது அந்தத் தம்பி அம்மாவிடம் வந்து, வேறு என்னென்ன ஆட்டம் இப்படி இருக்கிறது என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டார். குலைகுலையா முந்திரிக்கா, பூப்பறிக்க வருகிறோம், கல்லா மண்ணா, நாலு மூலை என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, கல்லா மண்ணாவை எப்படி ஆடுவது என்று அந்தப் பெண் புல்லில் நின்று ஆடியே காட்டச் சொன்னார். மகளுக்கு ஜூலையில் நான்கு வயது. அப்போது ஏற்காட்டில் மழை பெய்யும், அதனால் சேலத்திலேயே கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு தோப்பு பார்த்து வைத்திருக்கிறோம், இவர்களையே கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது, மூன்று பேராக வருகிறோம் என்றிருக்கிறார்கள்.