‘ஃபுல் ரெஸ்டோரேஷன்’ என்று விற்கும் பழைய கார்: வாங்கும் முன் சில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

1967 எம்ஜிபி ரோட்ஸ்டர், நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். விளம்பரத்தில் ‘ஃபுல் ரெஸ்டோரேஷன், ஒரு செலவும் இல்லை, எடுத்து ஓட்ட வேண்டியதுதான்’ என்று இருந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. குரோம் புதுசு, சீட் தோல் புதுசு, ‘இன்ஜின் ரீபில்ட்’ என்று ஒரு பில்லும் கூடவே. வாங்கியவர் பேரம் பேசாமல், ரெஸ்டோரேஷன் முடித்த காருக்கான முழு விலையையும் கொடுத்தார். பதினான்காவது மாதம், முன் ஃபெண்டரின் அடியில், கதவுக்குச் சற்று முன்னால், பெயின்டில் கடுகளவு ஒரு கொப்புளம். நகத்தால் சுரண்டியதும் பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தால், அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை, கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

லிப்டில் ஏற்றி வெட்டித் திறந்தபோது அந்தக் காரில் கிடைத்ததெல்லாம் கீழே. விற்றவர் பெயர் இங்கே வராது. இதே வேலையை இதே வரிசையில் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பெயரைவிட முறை தெரிவதுதான் வாங்குபவருக்கு உதவும்.

சில் என்பது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி. எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, ரோட்ஸ்டரில் கூரையும் கிடையாது. கார் நடுவில் தொங்கிப் போகாமல் பிடித்து நிற்பவை இந்த இரண்டு பெட்டிகளும், தரையின் நடுவில் மேடாக நீளவாக்கில் ஓடும் டனலும்தான். அந்தப் பெட்டி ஒற்றைத் தகடும் இல்லை. வெளியே தெரியும் தகடு ஒன்று, கேபின் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு ஒன்று, அடியில் கோட்டை மதிலைப் போல விளிம்பு பல் பல்லாக இருக்கும் ‘காசில் ரெயில்’ ஒன்று. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு ஃபெண்டருக்குப் பின்னால் போய் அடையும். அதைத் தடுக்க ஒரு தகடும் ரப்பர் பட்டையும் உண்டு; ரப்பர் போனால் சேறு உள்ளேயே ஈரமாகக் கிடந்து பெட்டியை உள்ளிருந்து தின்னும். வெளித்தகட்டில் ஓட்டை தெரியும் நாளில் உள்ளே எதுவும் மிச்சமிருக்காது.

சில்லின் முன்முனை ஃபெண்டருக்குப் பின்னால் மறைந்திருக்கும், பின்முனை பின் ஃபெண்டருக்குள் போய்விடும். முறையாக மாற்றுவதென்றால் முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும், பின் ஃபெண்டரின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், அதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு செய்து பாடியை முடுக்கிக்கொள்ள வேண்டும். காரைச் சமதளத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைக்கலாம். நல்ல டிங்கரிங் ஆளுக்கே ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எளிதாகப் போய்விடும்.

இந்தக் காரில் செய்திருந்தது வேறு. வெளியே கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கு மட்டும் புதுத் தகடு, அதுவும் பழைய துருவின் மேலேயே போர்த்தி, அங்கங்கே புள்ளி வெல்டு. இரண்டு முனையிலும் பட்டி. அடியில் தார் மாதிரித் தடிமனான அண்டர்கோட்டிங். உள்ளே தடுப்புத் தகடு இருந்த இடத்தில் அப்பளம் போல உரிந்த துருச் செதில்கள் இரண்டு கை நிறைய வந்தன. காசில் ரெயில் அடியோடு இல்லை.

பாடியை முடுக்காமல் வேலை செய்ததற்கும் சாட்சி இருந்தது. நடுவில் தொங்கிய நிலையிலேயே வெல்டு செய்துவிட்டால் கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே குறுகும், கீழே அகலும். இந்தக் காரில் மேலே 2 மில்லிமீட்டர், கீழே 7. அதை மறைக்கக் கதவு விளிம்பில் பட்டி ஏற்றி உப்புத்தாளில் நேராக்கியிருந்தார்கள். திறந்து மூடியதில் அந்தப் பட்டிதான் முதலில் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. வாங்கியவர் அதைப் பெயின்ட் குறை என்று நினைத்து டச்-அப் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

பட்டி போட்டாலே மோசடி என்று யாரும் சொல்லவில்லை. துரு நீக்கிய சுத்தமான தகட்டில், எபாக்சி பிரைமரின் மேல், 2 மில்லிமீட்டருக்குள் போட்ட பட்டி பல வருடம் நிற்கும். துருவின் மேல் போட்டது நிற்காது. பட்டியில் கலந்திருக்கும் டால்க் ஈரத்தை இழுக்கும், ஈரம் அடியில் துருவை வளர்க்கும், வளரும் துரு பட்டியைத் தூக்கும். விற்பவருக்குத் தேவையான அவகாசம் அதற்குள் கிடைத்துவிடும்.

பெயின்ட் தடிமன் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஒழுங்காக மறுபெயின்ட் அடித்தது 200 முதல் 350. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. இந்தக் காரில் கதவின் நடுவில் 280, பின் ஃபெண்டர் வளைவின் மேல் 1,900. முன் ஃபெண்டர் அடியில் மீட்டர் எண்ணே காட்டவில்லை, தடிமன் அதன் எல்லையைத் தாண்டியிருந்தது. ஒன்று கவனியுங்கள்: சாதாரண காந்த வகை மீட்டர் இரும்பில்தான் வேலை செய்யும். அலுமினியப் பானட் உள்ள காரில் ‘வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடாமல் இரண்டு உலோகத்தையும் அளக்கும் மீட்டராக வாங்குங்கள்.

இனி செலவுக் கணக்கு. ‘ரெஸ்டோர் செய்வதைவிட முடித்த காரை வாங்குவது மலிவு’ என்று பழைய கார் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். போல்ட் போல்ட்டாகக் கழற்றிச் செய்யும் முழு ரெஸ்டோரேஷன் 1,000 மணி நேர உழைப்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த உழைப்புக்கான கூலியைச் சாதாரணக் கிளாசிக் காரின் சந்தை விலை திருப்பித் தராது. நஷ்டத்தை முந்தைய உரிமையாளர் ஏற்றுக்கொண்டு விற்கிறார், நமக்கு லாபம். ஆனால் அந்த மணி நேரங்கள் நிஜமாகவே அந்தக் காருக்குள் போயிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். மோசடிக்காரர் பிழைப்பதே இந்தச் சொலவடையை வைத்துத்தான். தெரியும் வேலைகளான பெயின்ட், குரோம், சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் செய்துவிட்டு, தெரியாத மணி நேரங்களுக்கும் சேர்த்து விலை வாங்கிக்கொள்கிறார்.

அப்படி ஏமாந்த காரைச் சரிசெய்ய ஆகும் செலவு, துருப்பிடித்த நேர்மையான கார் ஒன்றை முதலிலிருந்து செய்வதைவிட அதிகம். துருப்பிடித்த காரின் துரு அதன் விலையிலேயே கழிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. வெல்டிங் பொறி விழுமென்று புது சீட்டையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பெயின்டை நீங்களே உரிக்க வேண்டும். போர்த்திய தகட்டை வெட்டி எடுக்கும்போது மிச்சமிருந்த ஓரமும் சேர்ந்து வரும். சில் மட்டும் பெயின்ட் அடித்தால் நிறம் தனியாகத் தெரியும் என்பதால் குறைந்தது ஒரு பக்கம் முழுக்க, மெட்டாலிக் நிறமென்றால் பெரும்பாலும் கார் முழுக்க, திரும்ப அடிக்க வேண்டிவரும். ஆக, முடித்த காருக்கு ஒரு விலை, அதன் மேல் ரெஸ்டோரேஷனுக்கு இன்னொரு விலை.

இன்ஜின் பில்லுக்கு வருவோம். ‘ரீபில்ட்’ என்று ஒற்றைச் சொல், ஒரு மொத்தத் தொகை. திறந்தால் புது ரிங்கும் புது கேஸ்கெட்டும் உண்டு, போரை (சிலிண்டரின் உட்சுவர்) தொடவேயில்லை. சிலிண்டரின் மேல் விளிம்பில் தேய்மானத்தால் உண்டான மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. தேய்ந்த போரில் புது ரிங் சரியாக உட்காராது. ரீபில்ட் செய்த இன்ஜினுக்கு லேத் கடையின் அளவுகள் இருக்கும்: போர் எத்தனை ஓவர்சைஸ் (0.020, 0.030, 0.040 இன்ச் என்று போகும்), கிராங்க் எத்தனை கிரைண்டிங் (0.010 இன்ச் படிகளில்), எந்த அளவு பேரிங். அளவு எழுதாத பில் கேஸ்கெட் மாற்றிய பில்லாகத்தான் இருக்கும். கம்ப்ரஷன் பார்க்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் பிரஷரை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே படியுங்கள். இந்த இன்ஜினில் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேலும் ஐடிலில் 10 முதல் 25க்குள்ளும் நின்றால் சரி. ஆறிய இன்ஜினில் தேய்ந்த பேரிங்கும் 60 காட்டும். மறுபக்கம், நீங்கள் போகும் முன்பே இன்ஜின் சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட் என்றால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் (வால்வு வந்து அமரும் வளையம்) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2021இல் உலகம் முழுக்கவே நின்றுவிட்டது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய சீட் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் உள்வாங்கும், டாப்பெட் (வால்வு) இடைவெளி அடிக்கடி குறையும்.

ஒயரிங்கைப் பற்றி நீட்ட வேண்டாம். அந்தக் கால எம்ஜிபியில் ஃபியூஸே இரண்டுதான், இரண்டும் 35 ஆம்பியர். இந்தக் காரில் ஒன்றின் இடத்தில் ஃபாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் பதினொன்று. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள், பெட்ரோலும் ஃபாயில் ஃபியூஸும் ஒரே காரில் நல்ல கூட்டணி இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியது புகைப்படம். பெயின்ட் அடித்த பிறகு எடுத்தவை எத்தனை இருந்தாலும் பயனில்லை. கதவு இடைவெளியில் கம்பி வெல்டு செய்த நிலையில், சில் வெட்டித் திறந்து காசில் ரெயில் தெரியும்படி, அதே கார்தான் என்று அடையாளம் தெரியும்படி எடுத்த படம் வேண்டும். உண்மையில் வேலை செய்தவரிடம் இது நூற்றுக்கணக்கில் இருக்கும், கேட்காமலேயே காட்டுவார். பில்லில் ‘பாடி வேலை, மொத்தம்’ என்றிருந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம். தகடு பெயர், எண்ணிக்கை, மணி நேரம் மூன்றும் இருக்க வேண்டும். போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை சில்லின் வடிகால் துளை வழியாக விட்டுப் பாருங்கள். பிரைமரும் மெழுகும் தெரிந்தால் நல்லது. செதில் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வடிகால் துளையே இல்லை, அண்டர்கோட்டிங்கில் மூடிவிட்டது என்றாலும் அதே பதில்தான். கூடவே, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கியதும் கதவு தட்டினாலோ இடைவெளி மாறினாலோ பெட்டி வலுவிழந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் நானே செய்துகொள்கிறேன்’ என்று ‘90 சதவீதம் முடிந்த’ புராஜெக்ட் காரைத் தேடிப் போகாதீர்கள். மிச்சமுள்ள 10 சதவீதத்தில்தான் டிரிம், ரப்பர், ஒயரிங், கதவு இடைவெளி எல்லாம் இருக்கின்றன. பெயின்டுக்கு முன்பே கதவும் பானட்டும் மாட்டி இடைவெளி பார்த்திருக்க வேண்டும். தனித்தனியாகப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்த பேனல்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது, பொருத்தும்போது புதுப் பெயின்ட் போகும். பட்டறைக்குக் கொடுப்பதென்றால் கழற்றிச் சோதிப்பதை மட்டும் முதல் வேலையாகத் தனிக் கூலிக்குப் பேசுங்கள். பெயின்டை நீக்கித் தகட்டைப் பார்க்காமல் யார் மொத்தத் தொகை சொன்னாலும் அது ஊகம். மணல் பிளாஸ்டிங் அடிப்பாகத்துக்குச் சரி, வெளிப் பேனலில் அடித்தால் தகடு நெளியும். எம்ஜிபிக்கு 1988 முதல் புத்தம்புதிய பாடி ஷெல்லே தயாரிக்கிறார்கள். இரண்டு சில், தரை, பின் ஃபெண்டர் எல்லாம் போன கார் என்றால் தகடு தகடாக வெட்டி ஒட்டும் மணி நேரத்தை அதன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஷெல் மலிவாக முடியலாம். பல கார்களுக்கு அந்த வசதி இல்லை.

மீட்டரும் இல்லை, கேமராவும் இல்லை, லிப்டும் கிடைக்காது என்றால் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் குனியுங்கள். எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு பக்கமும் சுவிவல் பின்னில் (சக்கரம் திரும்பும் அச்சு) மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) உண்டு, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டியவை. இந்தக் காரில் ஆறும் அண்டர்கோட்டிங்குக்குள் புதைந்திருந்தன. சுரண்டியதும் உள்ளே பழைய கிரீஸ் கல்லாகிக் கிடந்தது.