பெயர் வைத்துத் தரும் கடைகள்: பட்டியலை வாங்கலாம், ஸ்பெல்லிங்கை வாங்க வேண்டாம்

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் ஜாதகம் பார்க்கிற இடங்களில் ‘குழந்தைக்கு அதிர்ஷ்டப் பெயர்’ என்ற போர்டும் கூடவே தொங்கும். பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால் போதும். நட்சத்திரம், பாதம் எழுதிய ஒரு தாள், பத்திருபது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கூட்டு எண் (ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டியது), கடைசியில் தங்கக் கரை போட்ட ஒரு ‘பெயர்ச் சான்றிதழ்’ கைக்கு வரும். அந்தச் சான்றிதழ் எந்த ஆபீசிலும் செல்லாது. லேமினேட் போட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெண் குழந்தைக்குப் பேர் தேடுகிறவர்கள் இதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்ப்போம். பட்டியலுக்கு ஒரு தொகை, ஸ்பெல்லிங் திருத்தத்துக்குத் தனித் தொகை என்று பிரித்து வாங்குகிற வழக்கம் உண்டு. உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வேலையை ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். 27 நட்சத்திரம், ஆளுக்கு 4 பாதம், மொத்தம் 108. ஒவ்வொரு பாதத்துக்கும் பேர் தொடங்க வேண்டிய ஓர் எழுத்து உண்டு. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது. அதனால் லேபர் வார்டு கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஓடினாலும் பெரும்பாலும் எழுத்து மாறாது. பாதம் மாறுகிற வேளையை ஒட்டிப் பிறந்த குழந்தைக்குத்தான் வம்பு. பழைய கணக்குப்படி போடுகிற வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு பாதம் வரும், இன்றைய வானியல் கணக்குப்படி போடுகிற திருக்கணிதத்தில் அடுத்த பாதம் வரும். அம்மா வீட்டில் ஒரு எழுத்து, அப்பா வீட்டில் ஒரு எழுத்து என்று சண்டை கிளம்புவது இந்த இடத்தில்தான். எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டு, தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

பட்டியலின் லட்சணம் அதற்குப் பிறகுதான் தெரியும். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. தமிழ் இலக்கணப்படி ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். ஆகவே தாளை நிரப்ப எந்த மொழியிலும் இல்லாத ஒலிகள் வந்து உட்காரும், எதிரே ‘பொருள்: லட்சுமி’ என்று போட்டிருக்கும். ஒரே தாளில் ஐந்து பெயர்களுக்கு லட்சுமி என்று அர்த்தம் வந்தால் உஷாராகுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; வடமொழிப் பேர் என்றால் சமஸ்கிருத அகராதியைத் தட்டுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அந்த அர்த்தம் கடையில் பிறந்தது. (செல்போன் ஆப்களும் இதே சரக்குதான், விளம்பரத்தோடு.)

கையில் இருக்கிற பேரைக் கோட்டை விடுவதும் உண்டு. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. தாள் முழுக்க வர்ஷிகா, வன்ஷிகா என்று ஓடும். வடிவுடையம்மன் கோயில் இருக்கிற திருவொற்றியூரில் ‘வடிவு’ என்று ஒரு வரி இருக்காது. அவர்கள் கணக்கிலேயே ஆங்கிலத்தில் வி, ஏ, டி, ஐ, வி, யு கூட்டினால் 24, அதாவது 2ம் 4ம் சேர்த்து 6, சுக்கிரன் எண். குறை சொல்ல ஒன்றுமில்லை, பழைய பேர் என்பதைத் தவிர.

காசும் பேரும் ஒன்றாகக் கெடுகிற இடம் எண்கணிதம். மிருகசீரிடம் மூன்றாம் பாதத்துக்கு ‘கா’ எழுத்து. ‘கயல்’ என்று வைக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு எண் கொடுக்கிற கால்டிய முறையில் கே 2, ஏ 1, ஒய் 1, ஏ 1, எல் 3, மொத்தம் 8. எட்டு என்றதும் சனி என்பார்கள், இன்னொரு ‘ஏ’ சேர்த்து 9 ஆக்கித் தருவார்கள். கூட்டல் சரி. ஆனால் அந்த ஸ்பெல்லிங்கைப் படிக்கிற டீச்சர் ‘கயால்’ என்றுதான் கூப்பிடுவார். அதே பேரை, எழுத்துக்கு வேறு எண் கொடுக்கிற பித்தாகரஸ் முறையில் கூட்டினால் ஒய்க்கு 7. மொத்தம் 14, அதாவது 5. எட்டே காணாமல் போய்விடுகிறது.

இனிஷியல் கணக்கு அதைவிட மோசம். அப்பா பேர் செல்வம் என்றால் ‘கயல் எஸ்’ 11, அதாவது 2. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்போது ‘கயல் செல்வம்’ 30, அதாவது 3. ஒரே குழந்தை, ஒரே பேர், 8, 2, 3 என்று மூன்று எண். “இனிஷியலோட கூட்டினீங்களா, இல்லாமலா?” என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் பட்டியலோடு எழுந்து வந்துவிடலாம்.

கடையில் யாரும் செய்யாத ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஹவுசிங் போர்டு இரண்டாவது மாடியில் நின்று, கீழே விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி நாலு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம்ம ஏரியாவில் வாழைப்பழமே ‘வாயப்பயம்’ ஆகும்போது யாழினி ‘யாயினி’ ஆகத்தான் செய்வாள். அதில் சங்கடம் இல்லையென்றால் தாராளமாக வையுங்கள்.

“தொட்டில் போடறதுக்குள்ள முடிவு பண்ணுங்க” என்று அவசரப்படுத்தினால் மசிய வேண்டாம். காதில் மூன்று தடவை சொல்கிற பேரும் சர்டிபிகேட் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அந்தத் தகவலை ஆஸ்பத்திரியே கொடுத்துவிடும். பேர் இல்லாமலே பதிவாகும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 வருஷம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஆனால் ஒரு தடவை ஏற்றிய பேரை அந்தப் பதிவில் மாற்றித் தர மாட்டார்கள். எண்கணிதக்காரர் ஆறு மாதம் கழித்து ‘இன்னொரு ஏ’ சொன்னாலும் சர்டிபிகேட்டில் ஏறாது. 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டு, லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் ஊருக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், பிற்பாடு சேர்த்த எழுத்து ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இடிக்கும்.

பேர் ஏற்றும் முன் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா, அம்மா பேர் அவரவர் ஆதாரில் இருக்கிற ஸ்பெல்லிங்கிலேயே இருக்கட்டும். சர்டிபிகேட் வந்ததும் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ன, ண, ர, ற, ல, ள, ழ என்று தமிழ் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கயல்விழி ‘கயல்விளி’ என்று விழுந்திருந்தால் எழுத்துப் பிழையாகச் சொல்லித் திருத்திக்கொள்ள வழி உண்டு.