கசேலாவா, லா வனீயா?

காவடி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. மொரீஷியஸின் மேற்குப் பக்கம் கசேலா விலங்குப் பூங்கா. 1979இல் பறவைப் பூங்காவாகத் தொடங்கியது. இன்று சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. ஆனால் இடம் பெரிது, வெயிலும் சுள்ளென்று அடிக்கும், முழு நாள் வேண்டும். பாட்டி நடக்கமாட்டார்.

தெற்கே லா வனீய் விலங்குப் பூங்கா, மர நிழல். அல்டாப்ரா என்னும் ராட்சத ஆமைகள் காலடியிலேயே உலவும். கழுத்தைத் தடவினால் தலையை நீட்டிச் சொக்கி நிற்கும். சின்னவனுக்கு அது போதும். முதலை, பூச்சிக் காட்சியகம், அப்புறம் அரை நாளில் வீடு. அங்குள்ள உணவகத்தில் முதலைக்கறியும் கிடைக்கும். விரதக்காரர்கள் கட்டுச்சோறு கொண்டுபோங்கள்.

பத்து வயது தாண்டிய பிள்ளை என்றால் கசேலா. எங்களுக்கு ஆமைதான்.