கூடைப்பந்து லைனா, போக்கர் மேசையா: எந்தப் பணம் எவ்வளவு நாள் வரும்?

கூடைப்பந்துப் பந்தயத்தையும் தொழில்முறை போக்கரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம். வாய்ப்பைக் கணக்கிடு, கேட்கும் விலையோடு ஒப்பிடு, மலிவாக இருந்தால் பணத்தைப் போடு என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் ஜெயிக்கிற காசு யார் பையிலிருந்து வருகிறது என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு பிழைப்பு. பந்தயத்தில் தருகிறவர் புக்கி, அதாவது விலை வைத்துப் பந்தயம் வாங்குபவர். நீங்கள் விவரமானவர் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிடுவார். போக்கரில் தருகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். அலுத்துப்போனால் எழுந்து போய்விடுவார். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

வாசலில் பிடிக்கும் காசு

ஒரு அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்குமா என்பது ஸ்ப்ரெட் பந்தயம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அதன் வழக்கமான விலை, 110 கட்டினால் 100 லாபம். கட்டிய பணத்தையும் சேர்த்து ஒன்றுக்கு எவ்வளவு திரும்பும் என்று டெசிமலில் சொன்னால் 1.91. இந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்கவே 52.4 சதவீதம் ஜெயிக்க வேண்டும். அதே பந்தயம் வேறொரு இடத்தில் 1.95க்குக் கிடைத்தால் அந்த எல்லை 51.3க்கு இறங்கும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 53 சதவீதம் ஜெயிக்கும் ஒருவருக்கு 1.91 விலையில் போட்ட பணத்துக்கு 1.2 சதவீதம் லாபம் நிற்கிறது, 1.95இல் அது 3.3 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே மூளை, அதே கணிப்பு, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வருமானம். அதனால் நாலைந்து இடத்தில் கணக்கு வைத்து விலை பார்ப்பதுதான் முதல் வேலை. மாடல் கட்டுவதெல்லாம் அப்புறம்.

பார்லே வேறு ரகம். நான்கு பந்தயத்தைக் கோத்து எல்லாம் ஜெயித்தால் பெரிய தொகை என்று ஆசை காட்டும். 1.91 விலையில் நான்கு கோத்தால் 13.3 மடங்கு கிடைக்கும். நியாயமான விலையோ 16. புக்கியின் பங்கு 4.5 சதவீதத்திலிருந்து 17 ஆக உயர்ந்துவிடுகிறது. புக்கிகள் ஏன் இதை விழுந்து விழுந்து விளம்பரம் செய்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போக்கரில் இதற்கு இணையானது ரேக், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு கையிலும் (ஒரு சீட்டுச் சுற்றிலும்) எடுத்துக்கொள்ளும் பங்கு. பிக் பிளைண்ட் (கை தொடங்கும்முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 2 டாலர் உள்ள நேரடி மேசையில் மணிக்கு 30 கை, கைக்குச் சராசரி 3 டாலர் ரேக் என்று வைத்துக்கொள்வோம். மேசையிலிருந்து மணிக்கு 90 டாலர் வெளியேறுகிறது. 9 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 10 டாலர், அதாவது 5 பிக் பிளைண்ட். மேசையில் நீங்கள் மற்றவர்களைவிட மணிக்கு 10 பிக் பிளைண்ட் மேலாக ஆடினால் அதில் பாதி வீட்டுக்கு வராது. ஆனால் ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால், பெரிய மேசைக்குப் போகப் போக அதன் பாரம் பிளைண்ட் கணக்கில் குறைந்துகொண்டே வரும். சிறிய மேசையில் தட்டுத்தடுமாறி லாபம் பார்ப்பவர் மேலே ஏற ஒரு காரணம் அது. ஏறினால் எதிராளியும் தேர்ந்தவராக இருப்பார் என்பது இதன் மறுபக்கம்.

ஸ்ப்ரெட்டில் ஒரு புள்ளியின் மதிப்பு

என்பிஏ ஆட்டம் ஸ்ப்ரெட்டிலிருந்து சராசரியாக விலகும் அளவு, திட்ட விலக்கமாகச் சொன்னால், சுமார் 12 புள்ளி. அப்படியானால் லைனுக்கு, அதாவது புக்கி வைக்கும் புள்ளி எண்ணுக்கு, அருகே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 3.3 சதவீத வாய்ப்புக்குச் சமம். 50 சதவீதத்திலிருந்து 52.4க்கு வர உங்கள் கணிப்பு சந்தையைவிட முக்கால் புள்ளி சரியாக இருக்க வேண்டும். 55 சதவீதம் வேண்டுமானால் ஒன்றரைப் புள்ளி. எல்லாத் தகவலும் கலந்து முடிந்த சந்தையில் தினமும் ஒன்றரைப் புள்ளி பிழை கண்டுபிடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய பந்தயப் பதிவேட்டைக் கேளுங்கள்.

பிழை கிடைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அவை நேரத்தோடு கட்டுப்பட்டவை. முன்னணி நட்சத்திரம் ஆடவில்லை என்ற செய்தி வந்தால் லைன் 5 புள்ளி நகரலாம். காயப் பட்டியல் வெளியாவதற்கும் லைன் நகர்வதற்கும் உள்ள இடைவெளி நிமிடக் கணக்கு. அங்கே வேகமான மென்பொருளோடு போட்டி போடுவதைவிட, அடுத்த கட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது புத்திசாலித்தனம்: அவர் இல்லையென்றால் அந்த 35 நிமிடம் யாருக்குப் போகும், அந்த மாற்று வீரரால் ஆட்டம் வேகமாகுமா மெதுவாகுமா?

மொத்தப் புள்ளிப் பந்தயத்தில் வேகம்தான் எல்லாம். ஒரு அணிக்கு 97 பொசெஷன் (பந்தை வைத்துத் தாக்கும் வாய்ப்பு), இரு அணிகளும் 100 பொசெஷனுக்கு 114, 110 புள்ளி எடுக்கும் என்று கொண்டால் மொத்தம் 217. பொசெஷனை 100 என்று தவறாக எடுத்தால் 224. மூன்று பொசெஷன் பிசகில் ஏழு புள்ளி. தொடங்குகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களையும் சேர்த்து சீசன் சராசரி எடுப்பார்கள். எதிரணி மூன்று புள்ளி எறிதலில் 33 சதவீதம்தான் போட்டது என்றால் அதைத் தடுப்பாட்டத்தின் திறமை என்று எழுதிக்கொள்வார்கள். எத்தனை முறை எறிய விடுகிறது என்பதில் அணியின் கைவண்ணம் தெரியும். எத்தனை விழுந்தது என்பதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம்.

கனடாவைச் சேர்ந்த ஹரலபோஸ் வுல்காரிஸ் பெரும்பணம் பார்த்தது இப்படி ஒரு சோம்பேறித்தனத்தில். புக்கிகள் முழு ஆட்டத்தின் மொத்தத்தைக் கிட்டத்தட்ட சரிபாதியாக வெட்டி இரு பாதிகளுக்கும் லைன் வைத்தார்கள். உண்மையில் புள்ளிகள் அப்படிப் பிரிவதில்லை. விஷயம் புரிந்ததும் புக்கிகள் திருத்திக்கொண்டார்கள், அந்த ஊற்றும் வற்றியது. பிறகு அவர் மாடல் கட்டினார். 2018இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணியின் ஆய்வுத் தலைவராகச் சேர்ந்தார். போக்கர் மேசையிலும் அவர் அறிமுகமான முகம்.

மேசையில் உள்ள சாதகம்

போக்கரில் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. எதிரே இருப்பவர் செய்யும் தவறுதான் விலை. அதனால் உலகில் பத்தாவது சிறந்த ஆட்டக்காரர் தன்னைவிடச் சிறந்த ஒன்பது பேரோடு உட்கார்ந்தால் நஷ்டம். சுமாரான ஒருவர் சரியான மேசையைத் தேர்ந்தால் லாபம். பந்தயத்தில் இந்தத் தெரிவு கிடையாது. எந்த ஆட்டத்தில் போடுவது என்று தேர்ந்தெடுக்கலாம், ஆனால் முக்கிய லைன்கள் எல்லாவற்றிலும் எதிரே நிற்பது அதே கூர்மையான சந்தை.

கற்கும் முறையும் போக்கரில் தெளிவு. 2015 வாக்கில் சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள்கள் பரவிய பிறகு, நேற்று ஆடிய கையை இன்று பிரித்துப் பார்த்து எந்த இடத்தில் எவ்வளவு இழந்தோம் என்று எண்ணிக்கையில் பார்க்க முடிகிறது. 2017இல் லிப்ரடஸ், 2019இல் ப்ளூரிபஸ் என்ற நிரல்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றன. கருவி எல்லோர் கையிலும் இருப்பதால் ஆன்லைனில் சராசரித் தரம் ஏறிவிட்டது. ஆட்டத்தின் நடுவே கருவியைப் பார்த்து ஆடும் ஏமாற்றும் கூடவே வந்தது. நேரடி மேசைகள் இன்னும் மெத்தனமாகவே இருக்கின்றன. மணிக்கு 30 கை என்ற வேகம் அதற்கு நாம் தரும் விலை.

டோர்னமெண்ட் வாழ்க்கை பற்றித்தான் வெளியே அதிகத் தப்பெண்ணம். பெரும்பாலான போட்டிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு, அதிலும் பெரும்பணம் முதல் சில இடங்களில். பரிசுத்தொகைப் பட்டியல்கள் வந்ததை மட்டும் காட்டும், கட்டியதைக் காட்டாது. டேனியல் நெக்ரியானு 2017ஆம் ஆண்டுக் கணக்கைத் தானே வெளியிட்டார்: பரிசாக வந்தது 27 லட்சம் டாலருக்கு மேல், ஆண்டு முடிவில் நிகர நஷ்டம்.

இந்த அலையைத் தாங்கப் பலர் பிறர் முதலீட்டில் ஆடுகிறார்கள். அதில் மேக்கப் என்ற ஒரு விதி இருக்கிறது. கையெழுத்துப் போடும்முன் புரிந்துகொள்ள வேண்டியது. 100 பை-இன் (ஒரு ஆட்டத்தில் உட்காரக் கட்டும் தொகை) நஷ்டத்தில் இருக்கும் ஒருவர் அடுத்து 120 பை-இன் ஜெயித்தால், முதல் 100 முதலீட்டாளருக்குப் போகும். மீதி 20இல் பாதிக்குப் பாதி என்றால் ஆட்டக்காரர் கையில் நிற்பது 10. படத்தில் கோப்பையோடு சிரிக்கும் பலரின் நிலை இதுதான்.

திறமையா அதிர்ஷ்டமா, எப்போது தெரியும்?

நேரடியாகக் கணக்கைப் பார்க்கலாம். 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் உண்மையான திறமை, திட்ட விலக்கம் 90 என்று கொள்வோம். 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதம். 1,00,000 கைக்குப் பிறகு அது 4 சதவீதமாகச் சுருங்கும். நேரடி மேசையில் 1,00,000 கை என்றால் 3,300 மணி நேரத்துக்கு மேல். வாரம் 35 மணி ஆடினாலும் இரண்டு வருடத்தைத் தொடும்.

பந்தயத்தில் 55 சதவீதம் ஜெயிப்பவர் 500 பந்தயம் முடித்து நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம். 53 சதவீதக்காரர் 1,000 பந்தயம் போட்ட பிறகும் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். என்பிஏ வழக்கமான சீசனில் மொத்தமே 1,230 ஆட்டம்.

ஆனால் பந்தயக்காரருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. போக்கர்காரருக்கு அது இல்லை. ஆட்டம் தொடங்கும் நொடியில் லைன் எங்கே நின்றது என்று குறித்துவைப்பது. மைனஸ் 3க்கு (அணி 3 புள்ளிக்கு மேல் ஜெயிக்க வேண்டும்) வாங்கினீர்கள், மூடும்போது மைனஸ் 4.5 என்றால், ஆட்டம் தோற்றாலும் வாங்கியது நல்ல சரக்கு. இருநூறு பந்தயத்தில் தொடர்ந்து மூடும் லைனைவிட நல்ல விலை வாங்குகிறீர்களா என்று பார்த்தால் போதும். வெற்றி தோல்வி எண்ணிக்கையைவிட அது முன்னதாக உண்மை பேசும்.

கைமுதல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதற்குப் பந்தயத்தில் கணக்கே இருக்கிறது. பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் இருந்த கெல்லி 1956இல் தந்த வாய்ப்பாட்டின்படி, 1.91 விலையில் 55 சதவீத வாய்ப்புக்குக் கைமுதலில் 5.5 சதவீதம் போடலாம். வாய்ப்பு உண்மையில் 53 ஆக இருந்தால் சரியான அளவு 1.3 மட்டுமே. அதாவது தன்னைப் பற்றி இரண்டே சதவீதம் உயர்வாக நினைத்தவர் நான்கு மடங்கு அதிகம் போடுகிறார். கெல்லி அளவில் இரண்டு மடங்கைத் தாண்டினாலே லாபமான பந்தயமும் கைமுதலைக் கரைக்கத் தொடங்கும். அதனால் கால்பங்கு கெல்லி, நடைமுறையில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.

போக்கரில் விதி கரடுமுரடானது: நேரடிப் பணம் வைத்து ஆடும் கேஷ் ஆட்டத்துக்கு 30 முதல் 50 பை-இன், டோர்னமெண்டுக்கு 200 இருந்தாலும் தாராளம் என்று சொல்ல முடியாது. வீட்டுச் செலவு இதில் சேராது; ஆறு மாதச் செலவு தனியே இருக்க வேண்டும்.

ஜெயித்தால் என்ன ஆகும்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் மத்தியத் தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டப்படி வந்தது. புக்கிகள் பெருகினார்கள். கூடவே வரம்புக் கத்தரியும் வந்தது. வீரர்களின் தனிப்பட்ட புள்ளி, ரீபவுண்டு மீதான சிறிய சந்தைகளில்தான் விலைப் பிழை அதிகம். தொடர்ந்து நல்ல விலை வாங்கினால் சில வாரங்களிலேயே உங்கள் உச்சத் தொகை சாப்பாட்டுச் செலவு அளவுக்குச் சுருங்கலாம். ஜெயிப்பவரை ஏற்கும் பினக்கிள் போன்ற இடங்கள் உண்டு, ஆனால் அங்கே லைன் கூர்மை. எளிதாக வெல்லும் இடத்தில் அதிகம் போட முடியாது, அதிகம் போடும் இடத்தில் எளிதாக வெல்ல முடியாது.

போக்கர் அறைக்கு யார் ஜெயித்தாலும் ரேக் வரும் என்பதால் உங்களை விரட்ட அவசரமில்லை. ஆபத்து வேறு திசையில். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய ஆன்லைன் தளங்களை முடக்கியபோது, பலருடைய தொழிலும் கணக்கில் இருந்த பணமும் ஒரே நாளில் நின்றன. பெரிய தனியார் ஆட்டங்களில் உட்கார அழைப்பு வேண்டும். கொன்றெடுப்பவரை யாரும் அழைப்பதில்லை.

நேர்மையும் இரண்டிலும் கேள்விக்குறி. ஜோன்டே போர்ட்டர் என்ற வீரருக்கு 2024இல் என்பிஏ வாழ்நாள் தடை விதித்தது, உள்தகவலைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக. 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒரே நாளில் இரு குற்றச்சாட்டுகளை அறிவித்தது: ஒன்று என்பிஏ உள்தகவல் பந்தயம், மற்றது சீட்டுக் கலைக்கும் இயந்திரத்தில் தகிடுதத்தம் செய்த தனியார் போக்கர்.

யாருக்கு எது

நிரல் எழுதத் தெரிந்து, வேறு சம்பளமும் இருப்பவருக்குக் கூடைப்பந்து பொருந்தும். அக்டோபர் முதல் ஜூன் வரை, நாளுக்கு இரண்டு மணி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நிலையில் வைத்துக்கொள்வது நல்லது. முழுநேரப் பிழைப்பு என்றால் கேஷ் போக்கர் முந்துகிறது, கணக்கு மூடப்படும் பயம் இல்லாததால். டோர்னமெண்டை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவதைப் பரிந்துரைக்க முடியாது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதானால் கைமுதலைத் தனித்தனியே வையுங்கள். டாய்ல் பிரன்சன் கல்லூரிக் கூடைப்பந்தில் பெயர் வாங்கி, கால் முறிவால் அந்த வழி அடைபட்டு, 1976இலும் 1977இலும் போக்கர் உலகப் பட்டம் வென்றவர். ஸ்டு உங்கர் அதே பட்டத்தை மூன்று முறை வென்றார், கடைசியாக 1997இல். மேசையில் அள்ளியதைக் குதிரையிலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போதையிலும் விட்டார். 1998இல் அவர் இறந்தபோது கையில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை.