நெல்லா, குதிரைவாலிப் புல்லா? கழுத்தைப் பாருங்கள்

சம்பா நடவாகி 20 நாளில் மன்னார்குடிப் பக்கம் வயலில் இறங்கினால் நெல்லும், அதனூடே களையாக முளைக்கும் குதிரைவாலிப் புல்லும் ஒரே பச்சைதான். உயரத்தையோ இலை அகலத்தையோ நம்ப முடியாது.

இலையுறை முடிந்து இலை விரியும் இடம்தான் கழுத்து. அதை மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லில் வெளிறிய சவ்வு ஒன்று நாக்குபோல், நுனி இரண்டாகப் பிளந்து நிற்கும். இருபுறமும் மயிரோடு வளைந்த சின்னக் காதுகள், அவ்வளவு அழகு! முதிர்ந்த இலையில் காது உதிர்ந்திருக்கலாம், இளம் இலையில் தேடுங்கள். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, கழுத்து மொட்டை.

அடித்தண்டு சிவந்திருந்தால் களை என்று சிலர் பிடுங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடி சிவந்த நெல் ரகங்களும் உண்டு.

பூத்துவிட்டால் குழப்பமே இல்லை: நெல் பூவில் 6 மகரந்தத்தாள்கள், புல்லில் 3. ஆனால் அதுவரை விட்டுவைத்தால் விதை கொட்டிவிடும்.

சரி, ஏன் இத்தனை ஒற்றுமை? தலைமுறை தலைமுறையாகக் களையெடுத்த கைகளுக்கு, வேறாகத் தெரிந்த புற்கள் அகப்பட்டன. நெல்லை ஒத்திருந்தவை தப்பி விதைவிட்டன. ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் வாவிலோவின் பெயரால் இந்தப் போலித்தோற்றத்தை அழைக்கிறார்கள்.