டெயில் +5 போனதும் திரும்பி வந்ததும்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 20 வருஷம் ஓடிவிட்டது. ஃபைல்களைப் பட்டியலிட, வரிசைப்படுத்த என்று லினக்ஸில் தினமும் தேவைப்படும் சின்னச் சின்னக் கட்டளைகளின் தொகுப்பான குனூ கோர்யூட்டில்ஸைத் தொடாமல் ஒரு நாள் போனதில்லை.

வேலையில் சேர்ந்தபோது என் தலையில் விழுந்த பழைய ஷெல் ஸ்கிரிப்ட்களில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்கள்) 'டெயில் +5', 'சார்ட் +1 -2' என்றுதான் எழுதியிருக்கும். முதலாவது ஃபைலை ஐந்தாம் வரியிலிருந்து காட்டும், இரண்டாவது வரிகளை இரண்டாம் பத்தியை (காலம்) வைத்து வரிசைப்படுத்தும். அவற்றைப் புது சர்வருக்கு மாற்றிய இரவு, '+1' என்ற ஃபைல் இல்லை என்று பிழைச்செய்தி வந்து நின்றது. அப்படியொரு ஃபைலை யார் கேட்டார்கள்? அப்புறம்தான் விஷயம் புரிந்தது. யூனிக்ஸ் வகைக் கட்டளைகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் போசிக்ஸ் தரத்தின் 2001 பதிப்பு அந்தப் பழைய எழுத்துமுறையை நீக்கியிருந்தது. இனி '+1' என்றால் அது ஃபைல் பெயர்.

சரி, மாற்றிவிடலாம் என்று அவசரத்தில் '+1'ஐ '-கே 1' ஆக்கினேன். பழைய முறை பத்திகளை 0 முதல் எண்ணும், புதியது 1 முதல். 'சார்ட் +1 -2' என்பதற்குச் சரியான மாற்று '-கே 2,2'. இந்த முறை பிழைச்செய்தியே வரவில்லை. ரிப்போர்ட் தப்பான வரிசையில் ஒரு வாரம் போய்க்கொண்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையதுதான். ஆனாலும் சத்தம் போட்டு நின்ற முதல் நாள் எவ்வளவோ தேவலை.

எந்த ஆண்டுத் தரப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல '_போசிக்ஸ்2_வெர்ஷன்' என்ற சூழல் மாறி (கட்டளைகள் ஓடும்போது பார்க்கும் ஒரு அமைப்பு) இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதில் 199209 என்று வைத்தால் பழைய ஸ்கிரிப்ட் அப்படியே ஓடும். வேடிக்கை என்னவென்றால், 2008 தரம் பிடியைத் தளர்த்தியதால், சில ஆண்டுகள் கழித்து 'டெயில் +5', 'சார்ட் +1' இரண்டும் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. அதற்குள் நான் எல்லாவற்றையும் திருத்தி முடித்திருந்தேன்!

தரம் சொல்வதையெல்லாம் குனூக்காரர்கள் கேட்டுவிடுவதும் இல்லை. ஃபைல்கள் பிடிக்கும் இடத்தைச் சொல்லும் 'டியூ' 512 பைட் கணக்கில் காட்ட வேண்டும் என்கிறது போசிக்ஸ். குனூவின் இயல்பு 1024. தரம்தான் வேண்டும் என்பவருக்கு 'போசிக்ஸ்லி_கரெக்ட்' மாறி உண்டு. குனூவைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு முதலில் வைத்த பெயர் 'போசிக்ஸ்_மீ_ஹார்டர்'. கடுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது.

2016இல் ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்', இடைவெளி உள்ள பெயர்களுக்கு மேற்கோள் குறி போடத் தொடங்கியபோது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அது திரையில் மட்டும். பைப் வழியாக இன்னொரு கட்டளைக்குப் போகும் வெளியீட்டைத் தொடவில்லை. மனிதன் பார்ப்பதை மாற்றலாம், ஸ்கிரிப்ட் படிப்பதில் கைவைக்காதே என்ற அந்த அணுகுமுறைக்காகவே எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

ஸ்கிரிப்ட்களில் இன்றும் 'டெயில் -என் +5' என்றே எழுதுகிறேன். டெர்மினலில் மட்டும் கை தானாக '+5' அடித்துவிடுகிறது.