ஆட்டம் நல்ல ஆட்டம்தான், ஆள் சேர்ப்பதுதான் சரியில்லை

விளையாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஐந்து பேருக்கு ஐந்து பேர், மூன்று பாதை, இரண்டு பக்கமும் டவர்கள், நடுவே காடு, எதிரியின் கோட்டையை உடைத்தால் வெற்றி என்கிற வகை மொபைல் விளையாட்டு. இந்த வகையில் நாலைந்து சந்தையில் இருக்கின்றன. நான் சொல்லப் போகும் குறை கூடக்குறைய எல்லாவற்றிலும் இருப்பதால் பெயர் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்கப் பட்டா நகல், ஆதார் லேமினேஷன், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் பைண்டிங். ஷட்டரை இறக்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு மேல் போனை எடுத்தால் மூன்று ஆட்டம், மிஞ்சினால் நான்கு. கூட ஆடுவது மேலப்பாளையத்து நண்பன் ஒருவன், பேட்டை ஐ.டி.ஐ.யில் படிக்கிற அக்கா மகன். 2020 ஜூனில் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது முன்பு ஆடியதும் போய்விட்டது. அப்புறம் இதற்கு வந்தோம். இன்றுவரை இதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் அழகு, சாதாரண போனிலும் திக்கித் திணறாமல் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கும் உடுப்புகளால் சண்டையில் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை, கண்ணுக்கு அலங்காரம், அவ்வளவுதான். வாங்க வசதியில்லாத பையனும் சமமாக ஆடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிங்கும், அதாவது போனிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் நேரமும், பரவாயில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட்தான். இங்கிருந்து மும்பை சர்வர் வரைக்கும் போய்வந்தாலும் வீட்டு ஃபைபரில் ஐம்பது, அறுபதுக்குள் நிற்கிறது. (ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரதவீதியில் நின்றுகொண்டு மொபைல் டேட்டாவில் ரேங்க் ஆட்டம் ஆடுகிறவரை யாராலும் காப்பாற்ற முடியாது. அதற்குக் கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது.)

ஆக, தோற்றால் நெட்டைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை. பிரச்சினை ஆள் சேர்ப்பதில், அதாவது மேட்ச்மேக்கிங்கில்.

ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன், மற்றவை அதே கதைதான். நாங்கள் மூன்று பேர் ஒரே பார்ட்டி. நண்பன் மேலே வைரம் ரேங்க், நான் நடுவில் தங்கம், அக்கா மகன் கீழே வெண்கலம். எங்களோடு முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்தது. லோடிங் திரையில் எதிரணியைப் பார்த்தால் ஐந்து பேரும் தங்கம். ஐந்தும் ஒரே மட்டம், ஒரே நிறத்தில் வரிசையாக. எங்கள் பக்கம் வைரத்திலிருந்து வெண்கலம் வரை எல்லாம் கலந்து கிடக்கிறது. சிஸ்டம் கணக்குப் பார்த்திருக்கும், இரண்டு பக்கமும் சராசரி ஒன்றுதான். அதன் வேலை முடிந்தது.

அக்கா மகனுக்கு மேல் பாதை. இரண்டாவது நிமிடத்திலேயே செத்தான். மறுபடி எழுந்து வந்தான், நாலாவது நிமிடம் மறுபடி. "மாமா, இவன் என்னைய விடவே மாட்டேங்கான்" என்று ஹெட்செட்டில் அழாத குறை. எதிரே நின்றவன் ஒவ்வொரு கொலைக்கும் ஆட்டத்துக்குள் செலவழிக்கிற காசு வாங்கினான், லெவலும் ஏறியது. நாங்கள் செருப்பு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கையில் பெரிய வாள். மேல் டவரை உடைத்துவிட்டு நேரே நடுப் பாதைக்கு வந்தான், அங்கே நான் எனக்கு எதிரே நின்றவனோடு சமமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை அது நல்ல சண்டை. ஒருவன் ஒரு அடி முன்னே வந்தால் மற்றவன் ஒரு அடி பின்னே, அந்த மாதிரி. அதன் பிறகு ஒருவனுக்கு இரண்டு பேர்.

வைரம் ரேங்க் நண்பன் சும்மா இருக்கவில்லை. காட்டுக்குள்ளிருந்து பாய்ந்து கீழ்ப் பாதையில் இருவரைத் தூக்கினான். ஆனால் அவன் கீழே இருக்கும்போது மேலே டவர் போகிறது, மேலே ஓடினால் நடுவில் போகிறது. தெரியாத இருவரில் ஒருவன் அக்கா மகனை ரிப்போர்ட் பண்ணச் சொல்லி இந்தியில் திட்டிக்கொண்டே இருந்தான். இன்னொருவன் எட்டாவது நிமிடம் கோட்டையிலேயே நின்றுவிட்டான், ஏ.எஃப்.கே., அதாவது போனில் ஆள் இல்லை. "சவத்து மூதி, போனைக் கீழ வச்சிட்டுத் தூங்கப் போயிட்டாம்ல" என்று நண்பன் கத்தினான். சரணடையலாம் என்று வோட்டுப் போட்டால் அந்தத் திட்டுகிறவன் மட்டும் மறுப்பை அழுத்துகிறான். பதினாலாவது நிமிடம் முடிந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி புள்ளி குறைந்தது. தூங்கியவனுக்கு மட்டும் சிறு எச்சரிக்கையாம்.

மறுநாள் ஆடிய அடுத்த ஆட்டம் தலைகீழ். எதிரணியில் ஒரு பாவப்பட்ட ஜீவன். ஒன்பது நிமிடத்தில் முடித்தோம். ஜெயித்த பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மகன்தான், "மாமா, நேத்து நான் இருந்த எடத்துல இன்னைக்கு அவன்" என்றான்.

இது ஏன் இப்படி என்று பார்த்தால், வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஆர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர், அமெரிக்காவில் மில்வாக்கியில் இருந்தவர், சதுரங்க ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி போடும் முறையை உருவாக்கினார். உலக சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970-ல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் நூற்றுக்குச் சுமார் 76 பங்கு எடுப்பார் என்று கணக்கு. 400 வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் பத்து எடுக்கும்போது மற்றவர் ஒன்று எடுப்பார். அருமையான முறை. ஆனால் அது ஒருவருக்கு ஒருவர் ஆடுவதற்கு. அணிக்கு என்ன செய்வது? மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தார் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற தங்கள் இணைய விளையாட்டுச் சேவைக்காக ட்ரூஸ்கில் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2006-ல் கட்டுரையும் எழுதினார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண். ஒன்று திறமை, இன்னொன்று அந்தக் கணிப்பில் எவ்வளவு சந்தேகம். அணியின் பலம் என்பது ஆட்களின் எண்களைக் கூட்டினால் வருவது.

அந்தக் கூட்டலில்தான் எனக்குச் சண்டை. 3000, 1800, 1800, 1700, 1700 என்று ஒரு அணி. ஐந்து பேரும் 2000 என்று இன்னொரு அணி. இரண்டையும் கூட்டினால் பத்தாயிரம்தான். காகிதத்தில் சமம். எல்லோரும் தனித்தனியாகச் சுட்டு, சுட்டதை எண்ணுகிற ஆட்டமாக இருந்தால் ஒருவேளை சரியாக வரலாம். இந்த ஆட்டத்தில் பலவீனமான ஆள் சும்மா குறைவாகச் சேர்த்துவிட்டு நிற்பதில்லை, அவன் சாகும்போதெல்லாம் எதிரியின் பைக்குள் காசு போகிறது. 1700 என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் உண்மையில் கழித்தல் குறி போட வேண்டும். 3000 புள்ளி ஆளோ ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் நிற்க முடியும். இது தெரிய ஆராய்ச்சி வேண்டாம், பத்து ஆட்டம் ஆடிய பையனுக்குத் தெரியும்.

இதை இதைவிட நன்றாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஊர் மூலைக்கரைப்பட்டிப் பக்கம். லீவுக்குப் போனால் சாயங்காலம் களத்தில் கிளித்தட்டு. ஆள் பிரிக்க உத்தி போடுவார்கள். இரண்டு தலைவர்கள் தனியே நிற்க, ஓட்டத்திலும் உடம்பிலும் சமமாக உள்ள இரண்டு இரண்டு பேராகத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டுத் திரும்பி வருவார்கள். "பனங்காய் வேணுமா, நுங்கு வேணுமா?" ஒரு தலைவன் நுங்கு என்றால் நுங்கு அந்தப் பக்கம், பனங்காய் இந்தப் பக்கம். அடுத்த சோடிக்கு மற்றத் தலைவன் முதலில் கேட்பான். வேகமாக ஓடுகிறவன் வேண்டுமென்றே சோப்ளாங்கி ஒருவனைச் சோடி சேர்த்துக்கொண்டு வந்தால், ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது விடமாட்டார்: "ஏல, நீங்க ரெண்டு பேரும் சோடியால?" மறுபடி போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். மிஞ்சிப்போன பொடியன் ஒப்புக்குச் சப்பாணி, அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை.

இதில் என்ன விசேஷம் என்றால், நல்ல ஓட்டக்காரனுக்கு எதிரே நல்ல ஓட்டக்காரன் கட்டாயம் இருப்பான், சுமாரானவனுக்கு எதிரே சுமாரானவன். கூட்டினால் சமம் என்பதோடு நிற்காமல், ஆளுக்கு ஆள் சமம். வைரம் எங்கள் பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் ஒரு வைரம், வெண்கலத்துக்கு ஒரு வெண்கலம். அப்படி ஒரு ஆட்டத்தில் அக்கா மகன் தோற்றிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. அவனும் கற்றுக்கொண்டிருப்பான்.

கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். அப்படித் தேடினால் காத்திருக்கும் நேரம் கூடும். உண்மைதான். அதனால்தான் தேடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் புள்ளி வரம்பை அகலமாக்கிக்கொண்டே போகிறது பொதுவான முறை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாதிரி, ஒரு மணிக்கு மேல் வேறு மாதிரி ஆட்டம் அமைவதற்கு அதுதான் காரணம், ஆடுகிற ஆள் அப்போது குறைவு. ஆனால் எங்களைப் போல ரேங்க் கலந்த பார்ட்டிக்கு முப்பது விநாடியில் ஆட்டம் கொடுத்துவிட்டுப் பதினான்கு நிமிடத்தை வீணாக்குவதை விட, மூன்று நிமிடம் காக்க வைத்தால் என்ன? டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவேனே.

இதோடு ரேங்க் என்பது ஆளுக்கு ஒன்றுதான், இடத்துக்கு ஒன்று இல்லை. காட்டில் ஆடி வைரம் வாங்கிய நண்பனை, மற்றவர்களுக்குத் துணை நிற்கிற சப்போர்ட்டில் நிறுத்தினால் அவன் என்னைவிடக் கேவலம். சிஸ்டத்துக்கு அங்கேயும் அவன் வைரம்தான். ஸ்மர்ஃப் கதை உங்களுக்கே தெரியும்: பழைய கை, புதுக் கணக்கு, வெண்கலத்தில் இறங்கிப் பிள்ளைகளை மேய்வது. அதைப் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

தொடர்ந்து தோற்றால் அடுத்த ஆட்டம் சுலபமாக வருகிறது, தொடர்ந்து ஜெயித்தால் பிடித்து அமுக்குகிறது, வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். இந்த விளையாட்டில் அப்படி நடக்கிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒழுங்கான மேட்ச்மேக்கிங்கிலும் எல்லோரும் கடைசியில் பாதிக்குப் பாதி ஜெயிப்பதாகத்தான் முடியும், அதையும் அவனிடம் சொன்னேன். ஆனால் சந்தேகம் வெறும் புலம்பலும் இல்லை. ஆள் விலகிப் போகாமல் இருக்க யாரை யாரோடு மோதவிட வேண்டும் என்று கணக்கிடும் ஆய்வுக் கட்டுரையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். சமமான ஆட்டம்தான் ஆளை நிறுத்தி வைக்கும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது என்பதே அதன் வாதம். அதே வருடம் ஆக்டிவிஷன் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனத்துக்குக் காப்புரிமை ஒன்று கிடைத்தது: காசு கொடுத்துப் பொருள் வாங்கத் தூண்டும்படி ஆட்களைச் சேர்க்கும் முறை. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அந்த நிறுவனம் அப்போது சொன்னது. சரி, நம்புவோம். ஆனாலும் ஒருவன் இப்படி யோசித்து, எழுதி, கட்டணம் கட்டிப் பதிந்து வைத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு, வரிசையாகத் தோற்கிற இரவுகளில் மனசு கேட்பதில்லை.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் படத்துக்கும் ஓட்டத்துக்கும் ஐந்துக்கு நான்கு. உடுப்பு விற்கிற நேர்மைக்கு நான்கரை. ஆள் சேர்ப்புக்கு ஒன்றரை, அந்த அரையும் சோலோவாக ஆடும்போது கொஞ்சம் தேவலாம் என்பதற்காக. ஒரே ரேங்கில் ஐந்து நண்பர்கள் இருந்தால் யோசிக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். தம்பி, தங்கச்சி, அக்கா மகன் என்று கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு ஆடுகிற ஆள் என்றால் ரேங்க் பக்கம் போகாதீர்கள்.

கஸ்டம் ரூம் என்று ஒன்று மெனுவுக்குள் மூன்று அடுக்கு தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதில் பத்துப் பேரை நாமே கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் என்று நாமே வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், பேட்டைப் பையன்களைச் சேர்த்து இப்போது அப்படித்தான் ஆடுகிறோம், சோடி சோடியாகப் பிரித்து. முந்தின வாரம் ஒரு ஆட்டம் முப்பத்தொரு நிமிடம் போனது, இரண்டு கோட்டையும் கடைசி மூச்சில். ஆனால் அங்கே ஜெயித்தால் ரேங்க் புள்ளியும் கிடையாது, தினசரி டாஸ்க்கிலும் சேராது, காசும் தராது. பத்துப் பேரும் வந்து சேர அரைமணி ஆகிறது, எப்போதும் சப்போர்ட் ஆட ஒரு ஆள் குறைகிறது.